ஒரு குளம், பத்துக் காலை: குமரியில் பறவைப் படம் எடுக்கத் தொடங்குபவருக்கு

"காலையில் கன்னியாகுமரியில் சூரிய உதயம், எட்டு மணிக்குச் சுசீந்திரம் குளம், பதினொன்றுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம், மத்தியானம் பேச்சிப்பாறை அணை, சாயங்காலம் முட்டம். ஒரே நாளில் முடித்துவிடலாம்தானே அண்ணாச்சி?"

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி என்னிடம் இப்படிக் கேட்டார். கழுத்தில் புதுக் கேமரா. பட்டையின் நீளத்தைக்கூட இன்னும் சரிசெய்திருக்கவில்லை. முடித்துவிடலாம் என்றேன். மொத்த மாவட்டமே 1,672 சதுர கிலோமீட்டர்தான். கடலில் நனைத்த கால் காய்வதற்குள் மலையடிவாரத்துக்குப் போய்விடலாம். அவரும் போனார். இரவு ரயில் ஏறும்போது அவருடைய மெமரி கார்டில் ஆயிரத்துக்கும் மேல் படங்கள் இருந்தன. கொக்கின் கண் துல்லியமாக விழுந்த படம் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் குமரி மாவட்டத்தில் புதியவரைக் கெடுக்கிறது. ஆகவே நான் சொல்லும் வழி வேறு. ஒரு குளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்துக் காலை அங்கேயே போங்கள். அவ்வளவு விடுப்பு இல்லாதவர்கள் மூன்று காலையாவது போங்கள். கை பழகிய பிறகு உப்பளம், கடல், கணவாய், காடு என்று நகரலாம். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

மாதமும் மணியும்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். வலசைப் பறவைகள் செப்டம்பர் கடைசியிலிருந்து வரத் தொடங்கி மார்ச் வரை தங்கும். மழையும் ஓய்ந்து, குளத்தில் நீரும் இருந்து, பறவையும் நிறைந்திருப்பது ஜனவரியிலும் பிப்ரவரியிலும். முதல் பயணத்துக்கு இந்த இரண்டு மாதங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

நாஞ்சில் நாட்டு வயல்களுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். கன்னிப்பூ அறுத்துக் கும்பப்பூவுக்கு உழும் புரட்டாசி, ஐப்பசியில் டிராக்டரின் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசை பிடித்து நடப்பதைக் காணலாம். சக்கரம் புரட்டிய சேற்றில் புழுவும் தவளையும் கிடைக்கும் என்பது அவற்றுக்குத் தெரியும். டிராக்டர் ஓட்டுபவரைப் பற்றிக் கவலைப்படாத கொக்கு, வரப்பில் புதிதாக வந்து நிற்கும் உங்களைக் கண்டால் பறக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் சொல்வேன்.

ஜனவரியில் இங்கே சூரியன் ஆறரையைத் தாண்டித்தான் எழும். பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி வடக்கில்தான் இருக்கிறோம் என்பதால் விடியலும் அந்தியும் நீண்டு கிடப்பதில்லை. இருட்டு விலகத் தொடங்கியதும் சில நிமிடங்களில் பகலாகிவிடும். ஒன்பது மணிக்கு வெயில் தலைக்கு மேல் ஏறிப் பறவையின் கண்ணில் நிழல் விழும். ஆக, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் நாலரைக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம். நடுவில் தூங்குங்கள், அல்லது படங்களைப் பாருங்கள்.

கருவிகள்

பறவைக்கு நீளமான லென்ஸ் வேண்டும். 70–300 மி.மீ. லென்ஸ் ஒன்றே தொடக்கத்துக்குப் போதும். 150–600 மி.மீ. இருந்தால் நல்லது. கடன் வாங்கி வாங்க வேண்டாம். லென்ஸ் மாற்ற முடியாத, நெடுந்தூரம் இழுக்கும் பிரிட்ஜ் கேமரா வைத்திருப்பவர்களும் நல்ல வெளிச்சத்தில் அழகான படம் எடுக்கிறார்கள். நிலக்காட்சிக்குக் கேமராவோடு வரும் 18–55 போதும். இன்றைய கைபேசியே பாதி வேலையைச் செய்துவிடும்.

கேமராவைவிட முதலில் வாங்க வேண்டியது 8×42 பைனாகுலர். பார்க்கத் தெரியாத பறவையைப் படமெடுக்கவும் தெரியாது.

குளக்கரைக்கு முக்காலி தூக்க வேண்டாம். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, ஒன்றரைக் கிலோ பச்சைப்பயறு நிரப்பி இரண்டு முனையையும் தைத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர், மதகுக் கல், ஆட்டோ ஜன்னல் என்று எங்கே வைத்தாலும் லென்ஸ் அசையாமல் உட்காரும். என்னுடையது எட்டு வருடமாக உழைக்கிறது; ஒருமுறை மழையில் நனைந்து பயறு முளைவிட்டதைத் தவிர வேறு குறையில்லை.

பச்சை, காக்கி, மண்ணிறச் சட்டை. தொப்பி. தண்ணீர். நான்கு மட்டிப்பழம். குமரிக்கே உரிய இந்தச் சின்ன வாழைப்பழம் பைக்குள் இடம் அடைக்காது. நான்கைந்து தின்றால் பத்து மணி வரை தாங்கும்.

ஈரம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேமரா வாங்கிய புதிதில் உதயம் எடுப்பதற்காகக் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் ஏசி அறை போட்டுத் தங்கினேன். விடிகாலையில் குளிர்ந்த கேமராவை அப்படியே வெளியே கொண்டுபோனதும் லென்ஸ் முழுக்க வெண்பனி. துண்டால் துடைத்தேன்; மறுபடி பனித்தது. மறுபடி துடைத்தேன். பக்கத்தில் நின்ற நூறு பேரும் "ஆ" என்று கூவியபோது சூரியன் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். குளிர்ந்த கண்ணாடி மேல் கடற்காற்றின் ஈரம் படியத்தான் செய்யும். ஏசி அறையில் தங்கினால் கேமராவைப் பைக்குள் மூடியே வெளியே எடுத்துப்போய் அரைமணி நேரம் கழித்துத் திறங்கள். மழை மாதங்களில் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக்குள்ளே பூஞ்சை கோலம் போட்டுவிடும்.

தேரூர்க் குளம்

உங்கள் பத்துக் காலைக்கும் நான் சொல்லும் இடம் இது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் சுசீந்திரத்தை ஒட்டிய குளமும், சற்றுத் தள்ளித் தேரூர்க் குளமும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. ராஜாக்கமங்கலம் பக்கத்து வேம்பனூர்க் குளத்துக்கும் அதே ஆண்டில் அந்தத் தகுதி கிடைத்தது. கவிமணி பிறந்த ஊர் தேரூர் என்பதை உள்ளூர்க்காரன் சொல்லாமல் விட மாட்டான், நானும் சொல்லிவிட்டேன்.

முதல் நாள் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். கரையில் உட்கார்ந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். தாமரை இலை மேல் நடப்பது இலைக்கோழி. சம்பங்கோரைக்குள் நீல உடலும் சிவப்பு அலகுமாக மேய்வது நீலத்தாழைக்கோழி. கழுத்து மட்டும் தண்ணீருக்கு வெளியே பாம்பு மாதிரி நீண்டால் அது பாம்புத்தாரா. பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயப்போடுவது நீர்க்காகம். மஞ்சள் அலகும் வாலருகே இளஞ்சிவப்பும் உள்ள பெரிய நாரை சங்குவளை நாரை. குளத்தில் மிதந்தபடி தொண்டைப்பையை வலைபோல வீசுவது கூழைக்கடா. நீர் மேல் தாழப் பறந்து திரும்பித் திரும்பி வருவது மீசை ஆலா. தண்ணீரில் முங்கி வேறெங்கோ எழும் உருண்டைக் குஞ்சு போன்றது முக்குளிப்பான். வாத்துக் குஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள், அது வளர்ந்த பறவைதான்.

அதே நாளில் ஆட்களையும் பாருங்கள். நான் அடிக்கடி உட்காரும் இடத்துக்கு எதிரே ஒருவர் லாரி டியூபில் மிதந்தபடி தாமரை பறிக்க வருவார். தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் மொட்டுகள். அவர் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி மெல்லப் போவார். அவருக்கு ஐந்தடி தூரத்தில் இலைக்கோழி தன்பாட்டுக்கு மேயும். நான் கரையில் எழுந்து நின்றால் முப்பதடி தூரத்தில் உள்ளது பறந்துவிடும். அவர் அதைப் பார்ப்பதில்லை. நேராக அதை நோக்கிப் போவதில்லை. அவருடைய உயரம் தண்ணீரிலிருந்து இரண்டடி. நான் ஆறடி உயரத்தில் நின்று, வெறித்துப் பார்த்து, கறுப்புக் குழாயை நீட்டுகிறேன். பறவைக்கு யார் வேட்டைக்காரன் போலத் தெரிவான்?

ஆகவே நெருங்கும் முறை இது. உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். பறவையை நோக்கி நேராக நடக்காமல், அதைத் தாண்டி எங்கோ போகிறவர்போலச் சாய்வாக நடந்து இடையிடையே நில்லுங்கள். அது மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால் நீங்களும் அசையாமல் இருங்கள். மறுபடி மேயத் தொடங்கினால்தான் அடுத்த அடி. இரண்டாவது முறை தலை தூக்கினால் அவ்வளவுதான் எல்லை. அங்கேயே உட்கார்ந்து அது உங்கள் பக்கம் வரும்வரை காத்திருங்கள். பெரும்பாலும் வரும். படம் வேண்டும் என்பதற்காகக் கல் எறிந்து பறக்கவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் பேசுவதில்லை.

இரண்டாம் நாள் கேமராவை எடுங்கள். முறைச் சக்கரத்தை ஷட்டர் முன்னுரிமைக்குத் திருப்புங்கள். ஷட்டர் வேகத்தை நீங்கள் சொல்ல, மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை அது. சில கேமராவில் எஸ், சிலவற்றில் டிவி என்றிருக்கும். கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு உச்சவரம்பு 3,200 வையுங்கள். மேயும் பறவைக்கு ஷட்டர் 1/500 நொடி. பறப்பதற்கு 1/1,600க்குக் குறையக் கூடாது. ஆலா போலத் திரும்பித் திரும்பிப் பறப்பதற்கு 1/2,500. ஃபோக்கஸைத் தொடர் முறையில் வைத்து நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். உங்கள் கேமரா பறவைக் கண்ணைத் தானே தேடும் வகை என்றால் அதைப் போட்டுவிடுங்கள், வெட்கப்பட எதுவுமில்லை. கண் துல்லியமாக இருந்தால் சிறகு மங்கினாலும் படம் நிற்கும். கண் மங்கினால் மற்றதெல்லாம் துல்லியமாக இருந்தும் பயனில்லை.

மூன்றாவது நாள் வெள்ளைப் பறவைப் பாடம். கேமரா எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கரும்பச்சைத் தாமரை இலைகளுக்கு நடுவே சின்னக் கொக்கு நின்றால், இலையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு வெந்துபோய் இறகின் வரி ஒன்றும் இல்லாத வெள்ளைத் தாளாகும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி ஒரு படி கழியுங்கள். அதே கொக்கு வெளிறிய வானத்தின் முன் பறந்தால் நேர்மாறு, கருநிழலாகிவிடும். ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூட்டுங்கள். எழுத்தில் படித்தால் குழப்பும். ஒரு கொக்கை வைத்துப் பத்துப் படம் எடுத்துப் பார்த்தால் அரைமணியில் கைக்கு வந்துவிடும்.

நத்தைக்குத்தி நாரை இரையெடுப்பதை நெருக்கத்தில் பார்க்க ஒரு காலை முழுவதும் ஒதுக்கலாம். வளர்ந்த பறவையின் அலகு மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். குஞ்சுக்கு அது கிடையாது. சேற்றில் அலகைத் துழாவி நத்தையைப் பிடித்ததும் அது தலையைத் தூக்குவதில்லை. தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கீழலகின் நுனியை நத்தையின் வாய்க்குள் செலுத்தி, ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுக்கிறது. ஓடு உடைவதில்லை. சில நொடிகள் தலை நடுங்கும். பிறகு தலை மேலே வரும்போது அலகில் வெறும் சதை தொங்கும். நீர்த்துளிகள் வரிசையாக விழும். ஒரே உதறலில் விழுங்கிவிடும். படம் அந்த உதறலுக்கு முந்தைய கணத்தில் இருக்கிறது. தலை நடுங்கத் தொடங்கும்போதே ஷட்டரைப் பாதி அழுத்தித் தயாராக இருங்கள். தலை மேலே வந்த பிறகு அழுத்தினால் காலியான அலகுதான் கிடைக்கும். எனக்கு இந்தப் படம் நான்காவது காலையில் கிடைத்தது. அதற்கு முந்தைய மூன்று காலைகளில் காலி அலகுகள் நிறையச் சேர்ந்தன.

தென்மேற்குப் பருவத்தில் வந்தால் இலைக்கோழியின் கூட்டைக் காண நேரலாம். மிதக்கும் இலைகளின் மேல் நான்கு முட்டைகள். நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். ஆபத்து என்றால் குஞ்சுகள் அசையாமல் உறைந்துவிடும். கூடு தெரிந்தால் இரண்டு நிமிடத்தில் விலகுங்கள். நீங்கள் நின்று அப்பனைத் துரத்திய நேரத்தில் முட்டைக்குக் காகம் வரும்.

புத்தளமும் மணக்குடியும்

குளம் பழகிவிட்டால் பழையாற்றோடு கீழே இறங்குங்கள். புத்தளத்தில் உப்பளங்கள், ஆறு கடல் சேரும் மணக்குடியில் காயலும் அலையாத்திச் செடிகளும். சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூன்றையும் சேர்த்துப் பாதுகாப்பு வனப்பகுதியாக அரசு அறிவித்திருக்கிறது.

உப்பளம் வேலை நடக்கும் இடம். பாத்தி வரப்பில் நீங்கள் வைக்கும் செருப்புக்கால் ஒருவருடைய உப்பில் மண் சேர்க்கும். முதலில் அங்கிருப்பவரிடம் கேளுங்கள். "பறவை எடுக்க வந்தேன் அண்ணாச்சி, எந்த வரப்பில் நடக்கலாம்?" என்று கேட்டால் வரப்பைக் காட்டுவதோடு, நேற்றுப் பூநாரை எந்தப் பாத்தியில் நின்றது என்பதையும் சொல்வார்கள்.

இங்கே நெடுங்கால் உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, கொசு உள்ளான். சில ஆண்டுகளில் பூநாரைகளும் வரும். பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் தவிர மற்றதெல்லாம் சின்னச் சின்னச் சாம்பல் பறவைகள். பெயர் தெரிவதற்கே ஒரு பருவம் ஆகும். அதை நினைத்து மலைக்காமல் நெடுங்கால் உள்ளானில் தொடங்குங்கள். சிவந்த நீண்ட கால், கறுப்பு வெள்ளை உடம்பு, அசையாத நீரில் முழுப் பிரதிபலிப்பு. கேமராவை வரப்பின் மட்டத்துக்கு இறக்கிப் பிரதிபலிப்பின் கால் நுனி வரை சட்டத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். புதியவர்கள் பறவையின் தலைக்கு மேலே இடம் விட்டுக் கீழே தண்ணீரில் காலை வெட்டிவிடுகிறார்கள்.

ஒன்பதரை மணிக்கு மேல் இங்கே எடுத்த படங்கள் எல்லாம் கொதிக்கும் பாலின் ஆவி வழியே பார்த்தது போல இருக்கும். கேமராவைப் பழிக்காதீர்கள்; தரையிலிருந்து எழும் அனல் அது. விலையுயர்ந்த லென்ஸுக்கும் இதே கதிதான். வீட்டுக்குப் போங்கள்.

மணக்குடிப் பொழிமுகத்தில் மணல்திட்டு தெரியும் நேரத்தில் ஆலாக்களும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் கூட்டமாக ஓய்வெடுக்கும். எல்லாம் காற்றைப் பார்த்தபடி ஒரே திசையில் நிற்கும். காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும் என்பதால் காற்று உங்கள் முதுகில் இருக்கும்படி நின்றால் பறவை முகம் காட்டி எழும்பும். 2004 சுனாமி இங்கிருந்த பாலத்தையே தூக்கியெறிந்தது. இப்போதுள்ள பாலத்தின் மேலிருந்து செம்பருந்துகள் தண்ணீரில் மீன் கவ்வுவதைக் கண்மட்டத்தில் எடுக்கலாம். எங்கள் பக்கத்தில் அதைக் கிருஷ்ணப்பருந்து என்பார்கள். லாரிகள் வரும் பாலம். பின்னாலும் ஒரு கண் இருக்கட்டும்.

கடலோர நிலக்காட்சி

கடலோரத்தில் முக்காலி வேண்டும். ஐஎஸ்ஓ 100, லென்ஸின் துளை (அபெர்ச்சர்) எஃப்/8 முதல் எஃப்/11. ஷட்டரைக் கால் நொடிக்கும் ஒரு நொடிக்கும் நடுவில் வைத்தால் பாறையிலிருந்து வழியும் அலை நூல்நூலாக விழும். முப்பது நொடி வைத்துக் கடலைப் பஞ்சாக்குவது ஒருகாலத்தில் எனக்கும் பிடித்திருந்தது. இப்போது அது எந்த ஊர்க் கடல் என்றே தெரிவதில்லை. வெளிச்சம் மிகுந்தால் அதைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர். உப்புத் தெறிப்பை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள்; ஊதுகுப்பியால் மணலைத் தட்டி, ஈரத் துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணி.

கன்னியாகுமரி முனையில் எல்லோரும் எடுக்கும் படத்தை நீங்களும் ஒன்று எடுத்துவிடுங்கள். அந்த ஆசை தீர வேண்டும். விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, நடுவே சூரியன். பிறகு வட்டக்கோட்டைக்குப் போங்கள். கடலைக் காலடியில் வைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்க்கும் இடம் வேறு எங்கே கிடைக்கும்? சூரியன் கடலில் மறைவதைக் குமரிமுனையிலிருந்து எடுக்க அக்டோபர் முதல் மார்ச் வரைதான் சரி. மற்ற மாதங்களில் வடக்கே நகர்ந்து நிலத்தின் பக்கம் இறங்கிவிடும். சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலவு எழும். நிலவும் நிலமும் ஒரே படத்தில் சரியான வெளிச்சத்தில் விழுவது முதல் பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான். இருட்டிய பிறகு எடுத்தால் நிலவு வெள்ளைப் பொட்டாகிவிடும்.

மருந்துவாழ் மலை மேலிருந்து வயல், குளம், தென்னை, கடல் எல்லாம் ஒரே பார்வையில் விழும். விடியும் முன் ஏறத் தொடங்குங்கள். பழத்தைப் பைக்குள் ஆழத்தில் வையுங்கள். குரங்குகளுக்கு மட்டிப்பழம் உங்களைவிடப் பிடிக்கும்.

முட்டம், கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரைகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் மாறிவிடும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள் அது. தூரக் கடலில் எழுந்த வீச்சு, இங்கே காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று கரையேறுவதைத்தான் கடல்காரர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். பாறையில் முக்காலி வைக்கும் முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஈரமான பாறை என்றால் அலை அங்கே வந்திருக்கிறது என்று பொருள். கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். மீனவர் ஒருவர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் அன்றைக்கு வேண்டாம்.

காற்றுக் கணவாய்

ஆரல்வாய்மொழியில் மலை விலகிக் காற்றுக்கு வழி விட்டிருக்கிறது. அதனால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்று ஆளைத் தள்ளும். முக்காலியின் நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிடுங்கள், கால்களை அகட்டித் தாழ வையுங்கள். ஷட்டர் வேகமாக இருந்தால் இறக்கைகள் உறைந்து, மின்சாரம் நின்ற ஊர் மாதிரி இருக்கும். 1/30 நொடி வையுங்கள். தூண் துல்லியமாக, இறக்கை மட்டும் தேய்ந்து விழும். காற்று படத்துக்குள் வந்துவிடும்.

காடு

பேச்சிப்பாறை, கீரிப்பாறை, காளிகேசம் பக்கங்களைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. குமரி வனவிலங்கு சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். தனியாகப் போக வேண்டாம். ரப்பர் தோட்டம் வரை யானை இறங்கி வரும் பகுதி இது. தோட்டத்தில் பால் வெட்டுபவர்கள் சொல்வதைக் கேட்டு நடங்கள். காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் ஆளையோ வீட்டையோ கேட்காமல் எடுக்காதீர்கள். மேலே மலையில் கருத்துக் கிடந்தால் ஆற்றுப் படுகையில் இறங்காதீர்கள். அட்டைக்கு உப்புப் பொட்டலம்.

அனுமதி கிடைக்கும்வரை காட்டோரச் சாலைகளே போதும். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு. குளத்தில் பழகிய 1/500 இங்கே உதவாது. துளையை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓ வரம்பை 6,400க்கு ஏற்றி, உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/160 வையுங்கள். மூச்சை விட்டு நிறுத்தி ஐந்தைந்து படமாகத் தொடர்ந்து எடுத்தால் அதில் ஒன்று அசையாமல் இருக்கும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பரவாயில்லை. அசைந்த படத்தைத்தான் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இலைகளின் மினுமினுப்பை அடக்க போலரைசர் ஃபில்டர் நல்லது, ஆனால் அது வெளிச்சத்தையும் தின்னும் என்பதால் நிலக்காட்சிக்கு மட்டும்.

பறவையைத் தேடி நடப்பதைவிடப் பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டு அதன் எதிரே உட்காருவது மேல். மலபார் சாம்பல் இருவாச்சி கூட்டமாக வரும். யாரோ கேலிச்சிரிப்பு சிரிப்பது போலக் கேட்டால் அதுதான். தீக்காக்கை நேர்மாறு. சத்தமே இல்லாமல், பெரும்பாலும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செம்மார்பு தெரிய வேண்டும் என்று சுற்றி ஓடாதீர்கள். நின்றால் அதுவே திரும்பும். கைபேசியில் அதன் குரலைப் போட்டு அழைப்பது குறுக்குவழி. தன் எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டான் என்று அந்த ஆண் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அலைகிறது. இதற்காகக் கிடைத்த படத்தை நல்ல படம் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

காட்டுக்கே போகாமல் காட்டுப் பறவை வேண்டுமா? அக்டோபரில் ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து வந்து சேரும். களைத்துப்போய் வீட்டுக் கொல்லையிலும் ரப்பர் சருகிலும் இறங்கும். விடியலிலும் அந்தியிலும் அதன் இரட்டைச் சீழ்க்கை கேட்ட இடத்தில், மறுநாள் கால்மணி முன்னதாகப் போய் மரத்தோடு மரமாக உட்காருங்கள். சருகைப் புரட்டிக்கொண்டு ஒன்பது நிறத்தோடு அது உங்கள் செருப்பருகே வந்தாலும் வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவே படங்களைக் கணினிக்கு மாற்றி, கண் மங்கியவற்றைத் தயங்காமல் அழியுங்கள். நூற்றில் ஐந்து மிஞ்சினால் நல்ல நாள். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்திருந்தால் வெந்துபோன வெள்ளையில் கொஞ்சம் மீட்கலாம். வானத்தை நீலமாக்கும் ஆசையை அடக்குங்கள். எங்கள் ஜனவரிக் காலை வெளிறித்தான் இருக்கும்.

பார்த்த பறவைகளை எண்ணிக்கையோடு இ-பேர்ட் தளத்தில் பதியுங்கள். பெயர் தெரியாததைப் படத்தை வைத்து மெர்லின் செயலியில் கேட்கலாம். அது சொல்வதை அப்படியே நம்பாமல் கையேட்டில் சரிபாருங்கள். கூட்டின் இடத்தையும் ஆந்தை அடையும் மரத்தையும் மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி, ஜனவரி நடுவில், தமிழகமெங்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால்மணி நேரம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் போதும், யாரும் சேரலாம். அந்த நாட்களில் வந்தால் தேரூர்க் கரையில் பைனாகுலரோடு நாலைந்து பேர் நிற்பார்கள். போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். நாகர்கோவில் மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்தால் வெளிச்சம் வரும்போது கரையில் இருக்கலாம். கேமராப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்; மேலே வைத்தால் பூக்கூடைக்கு அடியில் போய்விடும்.